பூசணிக்காய் உடைத்த மறுநாள்: முதல் படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதல் படத்தை இயக்கப் போகிற இயக்குநர்களுக்கும், அவர்களை நம்பிப் பணம் போடுகிற தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் எடிட்டிங், சவுண்ட், டிஐ (நிறச் சீரமைப்பு), விஎஃப்எக்ஸ் (கணினி வரைகலை) என்று படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளைப் பார்க்கிறவர்கள் நாங்கள். கடைசி நாள் ஷூட்டிங் முடிந்து பூசணிக்காய் உடைத்த பிறகுதான் நீங்கள் எங்கள் கதவைத் தட்டுகிறீர்கள். அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும், பைனான்ஸ் வட்டி ஓட ஆரம்பித்திருக்கும், நாயகன் அடுத்த படத்துக்காக மொட்டையடித்திருப்பார். முதல் படங்கள் பல முடங்கிப் போவது இந்தக் கட்டத்தில்தான். ஸ்பாட்டில் மழை பெய்தாலும், லொக்கேஷன் கைவிட்டாலும் எப்படியோ சமாளித்துவிடுகிறீர்கள். எங்கள் அறைக்கு வந்த பிறகுதான் சமாளிக்கவே முடியாத தப்புகள் வெளியே தெரிகின்றன. அவற்றில் முக்கால்வாசி பூஜை போடுவதற்கு முன்பே தடுத்திருக்கக் கூடியவை. அதற்காகத்தான் இந்த மடல்.

பணத்திலிருந்து ஆரம்பிப்போம். மொத்த பட்ஜெட்டில் கால் பங்கையாவது முதல் நாள் ஷூட்டிங்குக்கு முன்பே தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கோடி ரூபாய் படம் என்றால் 50 லட்சம். அதற்குள்தான் எடிட், டப்பிங், ஃபோலி (காலடி போன்ற சத்தங்களை ஸ்டூடியோவில் செய்து பதிவது), எஃபெக்ட்ஸ், பின்னணி இசை, மிக்சிங், டிஐ, விஎஃப்எக்ஸ், டைட்டில், சப்டைட்டில், சென்சார், டிசிபி (தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதி) எல்லாம் வரவேண்டும். விளம்பரச் செலவு இதில் சேராது. பணம் ஒரே கணக்கில் கிடந்தால் என்ன ஆகும் என்பது புரொடக்‌ஷன் மேனேஜரைக் கேட்டால் தெரியும். ஒன்றரைக் கால்ஷீட் ஓடிய நாட்கள், ஒரு நாள் தள்ளிப்போன அவுட்டோர், திடீரென்று தேவைப்பட்ட ஜிம்மி ஜிப் கிரேன் எல்லாம் சேர்ந்து டப்பிங் காசைத் தின்றுவிடும்.

டப்பிங் காசு என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நடிகர்கள் சம்பளப் பாக்கியைக் கேட்கும் இடம் டப்பிங் தியேட்டர் வாசல்தான். படம் வெளியான பிறகு யாரிடம் போய்க் கேட்பது என்பது அவர்கள் அனுபவத்தில் தெரிந்துகொண்டது, அதில் தப்பும் இல்லை. ஆகவே ஒப்பந்தத்திலேயே எத்தனை நாள் டப்பிங், சம்பளத்துக்குள்ளா தனியா, கடைசித் தவணை எப்போது என்று எழுதிவிடுங்கள். அந்தக் கடைசித் தவணையையும் இதே தனிக் கணக்கில் ஒதுக்குங்கள்.

உதவி இயக்குநர்களை பூசணிக்காயோடு அனுப்பிவைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். டப்பிங் ஸ்கிரிப்ட், சென்சாருக்கான முழு வசன ஸ்கிரிப்ட், கன்டினியூட்டி குறிப்புகள், டைட்டில் கார்டில் போகவேண்டிய பெயர்ப் பட்டியல் எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கும். ஒருவரையாவது ரிலீஸ் வரை மாதச் சம்பளத்தில் வைத்திருங்கள். "படம் முடிந்ததும் பார்த்துக்கலாம் தம்பி" என்பது சம்பளம் ஆகாது.

அடுத்தது டெஸ்ட். எந்த கேமரா என்று முடிவானதும் ஐந்து நிமிடம் எடுங்கள்: பகல், இரவு, ட்யூப்லைட் வெளிச்சம், ஒரு நீளமான பேன் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும் ஷாட்), இரண்டு பேர் பேசும் ஒரு வசனம். அதை எடிட், சவுண்ட், டிஐ, டிசிபி என்று முழுச் சங்கிலியிலும் ஓட்டி, ஒரு தியேட்டர் திரையில் பாருங்கள். இரண்டு நாள் வேலை. இதைச் செய்யாதவர்களுக்கு வரும் நோய்களில் மூன்றை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது. டிசிபி ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேம். கேமராவை யாரோ 23.976-ல் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் 23.976-க்கு மிக்ஸ் செய்த சவுண்டை 24-ல் ஓடும் படத்தோடு வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி விலகும். இரண்டு மணி இருபது நிமிடப் படத்தின் கிளைமாக்ஸில் எட்டு நொடிக்கு மேல் உதடு வேறு, குரல் வேறு. இரண்டு கேமராவில் ஒன்று 24, இன்னொன்று 23.976 என்றால் அது வேறு விதமான தலைவலி. டைம்லைனில் ஏறத்தாழ ஒவ்வொரு 42 நொடிக்கும் ஒரு ஃப்ரேம் விழும் அல்லது இரட்டிக்கும். வசனக் காட்சியில் கண்ணுக்குப் படாது, பேன் ஷாட்டில் துள்ளும். செல்போனில் எடுத்து நடுவில் செருகும் ஷாட்டுகளுக்குப் பெரும்பாலும் நிலையான ஃப்ரேம் ரேட் இருக்காது. அவற்றை எடிட்டுக்குள் விடுவதற்கு முன்பே 24-க்கு மாற்றியாக வேண்டும்.

இரண்டாவது ஃப்ளிக்கர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு நூறு முறை துடிக்கும். 24 ஃப்ரேமில் 180 டிகிரி ஷட்டர் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சம் வாங்குவது 1/48 நொடி. அது இந்தத் துடிப்போடு ஒத்துப்போகாமல் சுவரில் மெல்லிய அலை போல ஓடும். 172.8 டிகிரிக்கு மாற்றினால் சரியாக 1/50 நொடி, பிரச்சினை தீர்ந்தது. மண்டபம், மருத்துவமனை, அரசு அலுவலகம் போன்ற இடங்களில் 120 ஃப்ரேமில் ஸ்லோமோஷன் எடுக்காதீர்கள், 100-க்கு இறங்குங்கள். மானிட்டர் சின்னது, வெயில் வேறு அடிக்கும், ஸ்பாட்டில் தெரியாது. டிஐ-யில் சரி செய்ய வழி உண்டு. அதற்கு நாள் கணக்கில் வாடகை ஓடும், படமும் கொஞ்சம் மழுங்கும்.

மூன்றாவது ஃப்ரேமிங். ஸ்கோப் என்ற அகலமான அளவில் ரிலீஸ் செய்வதாக இருந்தால் 2கே டிசிபியின் அளவு 2048×858, ஃப்ளாட் என்ற அகலம் குறைந்த அளவு என்றால் 1998×1080. எந்த அளவு என்பதை முதல் நாளே முடிவு செய்து மானிட்டரில் கோடு போடுங்கள். "பிறகு க்ராப் பண்ணிக்கலாம்" என்று எடுத்த படங்களில் பாதி ஷாட்டுகளில் நெற்றி வெட்டுப்படும், மீதியில் பூம் மைக் எட்டிப் பார்க்கும்.

ஃபுட்டேஜ் விஷயத்துக்கு வருவோம். அல்ட்ரா எச்டி அளவில், 24 ஃப்ரேமில், புரோரெஸ் 422 எச்க்யூ என்ற ஃபார்மேட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 320 ஜிபி. ஒரு கேமராவில் நாளைக்கு இரண்டு மணி நேர ஃபுட்டேஜ், 40 நாள் ஷூட்டிங் என்றால் 25 டிபியைத் தாண்டும். மூன்று காப்பிக்கு 77 டிபி வரை. கடையில் இரண்டு 4 டிபி டிஸ்க் வாங்கி வைத்துக்கொண்டு ஷூட்டிங் கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரு காப்பி என்று வைத்தால் ஏழாவது நாளே இடமில்லை என்று பழைய ஃபுட்டேஜை அழிக்கும் பேச்சு வரும்.

கார்டிலிருந்து டிஸ்க்குக்கு மவுஸால் இழுத்துப் போடுவது காப்பி அல்ல. நடுவில் கேபிள் ஆடினால் ஒரு கிளிப் பாதியில் நின்றிருக்கும், ஃபோல்டரில் அதன் பெயர் மட்டும் ஒழுங்காக இருக்கும். செக்சம் (காப்பி அசலோடு அப்படியே ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) பார்த்துக் காப்பி செய்யும் மென்பொருள் வேண்டும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் உள்ள க்ளோன் டூலே போதும். எடுத்து முடித்த கார்டில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். இரண்டு டிஸ்க்கிலும் செக்சம் சரி என்று டிஐடி (ஃபுட்டேஜைக் காப்பி செய்து பார்த்துக்கொள்கிறவர்) எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டேப்பைப் பிரிக்கவும் ஃபார்மேட் செய்யவும் அனுமதி. மாலையில் இரண்டு டிஸ்க்கும் ஒரே வண்டியில் போகக் கூடாது. இதற்கெல்லாம் ஒரு ஆள் தேவை. கேமரா உதவியாளர் லென்ஸ் மாற்றிக்கொண்டே இதையும் பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சவுண்டைப் பற்றி எழுதினால் தனி மடலே ஆகும். டப்பிங் படமாகவே இருந்தாலும் பைலட் டிராக் (டப்பிங்குக்கு வழிகாட்டியாக ஸ்பாட்டில் பதியும் குரல்) ஒழுங்காக எடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து டப்பிங் தியேட்டரில் நிற்கும் நடிகருக்கு அன்றைக்கு எந்த இடத்தில் மூச்சு விட்டோம், எங்கே குரல் உடைந்தது என்று நினைவிருக்காது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், கேமராவோடு டைம்கோடு சிங்க், அதற்கும் மேல் ஒரு கிளாப். ஒவ்வொரு இடத்திலும் யூனிட் முழுவதும் வாயை மூடிக்கொண்டு நிற்க, ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் சத்தம். இந்த ஒரு நிமிடத்தைக் கேட்டால் ஸ்பாட்டில் எல்லோரும் முறைப்பார்கள். அது இல்லாமல் வசனத்துக்கு நடுவே வரும் ஓட்டைகளை அடைப்பது பெரும்பாடு. லைவ் சவுண்ட் என்று முடிவெடுத்தால் சத்தம் குறைந்த ஜெனரேட்டரும், அதை நூறு அடியாவது தள்ளி நிறுத்தக் கேபிளும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். லொக்கேஷன் பார்க்கப் போகும்போது சவுண்ட் ஆளையும் கூட்டிப்போங்கள். பக்கத்தில் மரம் அறுக்கும் பட்டறை இருப்பது இயக்குநர் கண்ணுக்குப் படாது, சவுண்ட் ஆள் காதுக்குப் படும்.

இப்போது நாங்கள் மிகவும் அஞ்சும் வாக்கியம்: "சின்ன டிரிம் தான் சார்." எடிட் லாக் ஆகிவிட்டது, இனி வெட்டு மாறாது என்று சொல்லி, படத்தை 20 நிமிட ரீல்களாகப் பிரித்து, ஒவ்வொரு ரீலுக்கும் தொடக்கத்தில் படமும் சத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சிங்க் பீப் வைத்து, சவுண்ட், இசை, டிஐ, விஎஃப்எக்ஸ் என்று நான்கு இடத்துக்கு அனுப்பியாயிற்று. அதன் பிறகு மூன்றாவது ரீலில் ஒரு ஷாட்டின் கடைசியில் 12 ஃப்ரேம் குறைக்கிறீர்கள். அரை நொடி. அந்தப் புள்ளிக்குப் பிறகு அந்த ரீலில் உள்ள டப்பிங், ஃபோலி, எஃபெக்ட்ஸ் அத்தனை டிராக்கும் 12 ஃப்ரேம் முன்னால் நகர வேண்டும். அந்த இடத்தில் பின்னணி இசை ஓடிக்கொண்டிருந்தால் தாளம் உடையும். இசையமைப்பாளர் மறுபடி உட்கார வேண்டும். டிஐ டைம்லைனையும் சப்டைட்டிலையும் நகர்த்த வேண்டும். நான்கில் ஒரு இடத்துக்குத் தகவல் போகாவிட்டால் மிக்சிங் தியேட்டரில் கதவு மூடிய பிறகு அரை நொடி கழித்துச் சத்தம் கேட்கும். மணிக்கணக்கில் வாடகை ஓடும் அறையில் உட்கார்ந்து எது பிசகியது என்று தேடுவோம். சென்சார் சான்றிதழ் வாங்கிய பிறகு என்றால் அந்த மாற்றத்தை வாரியத்திடமும் பதிவு செய்ய வேண்டும். லாக் செய்வதற்கு முன் கதை தெரியாத பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டி, எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டுங்கள். அது மலிவான காலம்.

காகிதங்கள். காப்பிரைட் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். கதை வாங்கிய கடிதத்தில் இந்த இரண்டு வரியும் விட்டுப்போனால், வெளிநாட்டு உரிமை வாங்க வருகிறவரின் வழக்கறிஞர் முதலில் கை வைப்பது அங்கேதான். கதை, திரைக்கதை, வசனம், பாடல், இசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒப்பந்தம் வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்குப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அதை எழுதி வாங்கிவிட முடியாது. நண்பர்தானே என்று வாய்ப்பேச்சில் கதை வாங்குவதுதான் இருப்பதிலேயே அதிக விலை கொடுத்து வாங்கும் முறை.

டீக்கடைக் காட்சியில் பழைய பாட்டு ஓடினால் அழகாகத்தான் இருக்கும். ஒலிப்பதிவின் உரிமை ஒருவரிடம், மெட்டு மற்றும் வரிகளின் உரிமை வேறொருவரிடம் இருக்கலாம். இரண்டுக்கும் அனுமதி வாங்க வேண்டும். லைவ் சவுண்டில் வசனத்தின் அடியில் அந்தப் பாட்டும் பதிவாகிவிட்டால் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினம். ஸ்பாட்டில் ரேடியோவை அணைத்துவிட்டு எடுங்கள், எந்தப் பாட்டு என்பதைப் பிறகு எடிட்டில் முடிவு செய்யலாம்.

குழந்தைகள் நடித்தால் படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். சம்பளத்தில் 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் தேசிய வங்கியில் வைப்பாகப் போகவேண்டும். மிருகங்கள் என்றால் விலங்கு நல வாரியத்திடம் ஷூட்டிங்குக்கு முன்பே அனுமதி, முடிந்த பின் தடையில்லாச் சான்று. கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்றும் உரிமையாளரின் ஒப்புதலும் விண்ணப்பத்தோடு போகும். வாரியத்தின் தலைமையகம் முன்பு சென்னையில் இருந்தது, இப்போது ஹரியானாவின் பல்லப்கரில். ஷூட்டிங் முடிந்த பிறகு அனுமதி கேட்டால் கிடைப்பது அபூர்வம். குரங்கு, கரடி, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்கவே தடை. கணினி வரைகலையில் செய்திருந்தால் அதற்கான ஆதாரத்தையும் காட்ட வேண்டும். ஃப்ரேமில் ஆடு கடந்து போனாலும் கேள்வி வரும் என்பதை லொக்கேஷன் மேனேஜரிடம் சொல்லி வையுங்கள்.

நாயகன் சிகரெட் பிடித்தால் படத்தின் தொடக்கத்திலும் இடையிலும் தலா 30 நொடி விழிப்புணர்வுப் படம், தலா 20 நொடி ஒலி-ஒளி அறிவிப்பு, புகையிலை தெரியும் ஒவ்வொரு ஷாட்டிலும் அடியில் எச்சரிக்கை வாசகம். மேஜை மேல் பாக்கெட் கிடந்தாலும் வாசகம் உண்டு. உங்கள் அழகான க்ளோசப்புக்கு அடியில் அது வரும். அந்தக் காட்சிக்கு சிகரெட் உண்மையிலேயே தேவையா என்பதை எழுதும்போதே யோசித்துவிடுங்கள்.

சென்சாரில் இப்போது யு, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+, ஏ என்று பிரிவுகள். விண்ணப்பம் முழுக்க இணையம் வழியாக. ஏ சான்றிதழ் கிடைத்த படம் அப்படியே தொலைக்காட்சிக்குப் போகாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். ஆகவே கெட்ட வார்த்தை உள்ள வசனங்களுக்கு டப்பிங் நாளிலேயே மாற்று வசனமும் பேசி வாங்கிவிடுங்கள். வசனம், எஃபெக்ட்ஸ், இசை மூன்றும் தனித்தனி டிராக்காக இருந்தால் மியூட் செய்யும்போது அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் போகும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வைத்திருந்தால் மழைச் சத்தமும் சேர்ந்து செத்துப்போய், தியேட்டரில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். சான்றிதழ் கையில் வராமல் ரிலீஸ் தேதி போட்ட போஸ்டர் அடிக்காதீர்கள்.

மிக்சிங் நடக்கும்போதே வசனம் நீங்கலாக, இசையும் எஃபெக்ட்ஸும் மட்டும் உள்ள எம் அண்டு இ டிராக்கையும் வாங்கிவிடுங்கள். தெலுங்கு, இந்தி டப்பிங் உரிமை வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் ஃபோலியைப் பாதிக்கு மேல் மறுபடி செய்ய நேரும். எழுத்து எதுவும் இல்லாத பிரதியையும் டிஐ-யில் இருந்தே எடுத்து வையுங்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பார்வை மற்றும் செவித்திறன் குறைந்தவர்களுக்கான ஒலி விவரிப்பும் வசன எழுத்தும் படிப்படியாகக் கட்டாயமாகின்றன. அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

டைட்டில் கார்டு சின்ன விஷயம்தான், ஆனால் மானம் போகும் இடம். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர்ப் பட்டியலை ஒட்டினால் எழுத்துகள் குழம்பும். யூனிகோடாகவே இருந்தாலும் மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு தனியாக, எழுத்து தனியாக நிற்கும். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பெரிய திரையில் ஒவ்வொரு பெயராகப் பார்த்த பிறகே டிசிபிக்கு விடுங்கள்.

ரிலீஸ் வாரத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பைனான்சியர் கடன் கொடுக்கும்போதே லேப் லெட்டர், அதாவது தன் சம்மதமில்லாமல் படத்தை வெளியே விடக் கூடாது என்ற கடிதம், வாங்கியிருப்பார். ஃபிலிம் லேப் போய் டிஜிட்டல் வந்தாலும் அந்தப் பெயரும் வழக்கமும் அப்படியே இருக்கின்றன. அவர் கையெழுத்துப் போட்டு விடுவித்தால்தான் தியேட்டர்களுக்குப் படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவி போகும். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ரத்தாகும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கடிதம் இருக்கும். யாருக்கெல்லாம் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியலை ஒரு மாதம் முன்பே எடுத்து, ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசி முடியுங்கள். டிஜிட்டல் நிறுவனங்களுக்குத் திரைக்குத் திரை கட்ட வேண்டிய கட்டணத்தையும் அன்றே கணக்குப் பாருங்கள். 2018 மார்ச்சில் புதுப்படங்கள் வராமல் தியேட்டர்கள் காய்ந்து கிடந்ததற்குக் காரணமே அந்தக் கட்டணத் தகராறுதான். அது சின்னத் தொகையாக இருந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது.

படம் வெளியான பிறகு டிஸ்க்குகளை அலுவலக பீரோவில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் ஓடாமல் கிடந்தாலும் கெடும். இறுதி மாஸ்டர், தனித்தனி சவுண்ட் டிராக்குகள், எடிட் ப்ராஜெக்ட், எழுத்தில்லாப் பிரதி இவற்றை எல்டிஓ டேப்பில் (நீண்ட காலச் சேமிப்புக்கான காந்த நாடா) இரண்டு பிரதி எடுத்து, இரண்டு ஊரில் வையுங்கள். எல்டிஓ 9 டேப் ஒன்றில் 18 டிபி கொள்ளும். டேப்பின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதி, ஒப்பந்தக் கோப்பின் நகலையும் அதனோடு சேர்த்து வையுங்கள்.

டெஸ்ட் ஃபுட்டேஜை எடுத்துக்கொண்டு பூஜைக்கு இரண்டு வாரம் முன்னால் வாருங்கள். கேமராவும் சவுண்ட் ரெக்கார்டரும் எந்த அமைப்பில் இருந்தன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளைப் பார்க்கும் தொழில்நுட்பக் கலைஞர்கள் சிலர்,
சென்னை